விடுபட்ட ‘ப்’

ஐந்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையை உடைய பெற்றோர் அப்பிள்ளையை ஒழுங்காகப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், அதன் கல்விக்குப் பொருத்தமான வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒழுங்குவிதியின் சாரம் இதுதான். முப்பத்துநான்கு வருடம் கல்வி நிருவாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூலத்தில் இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. அதற்கு முன்னால் இருப்பதை எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். பின்னால் இருப்பதை ஒருநாளும் எழுதியதில்லை. அதற்குரிய பிள்ளை திருகோணமலையில் ஒன்றும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பிறந்திருக்கலாம். நாங்கள் அதை ‘இடைவிலகியோர்’ பட்டியலில் சேர்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்போம்.

அப்படியொரு பிள்ளை என் வீட்டுப் பின்பகுதிக்கே குடிவந்தது. தகப்பன் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் பொறியியலாளர். காலி, கொழும்பு, பிறகு இங்கே என்று இடமாற்றம். பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் அவர்களிடம் வதிவிடத்தை நிரூபிக்கும் பத்திரங்கள் போதவில்லை. அடுத்த வருடம் பத்திரங்கள் இருந்தன, ஆனால் வேறு ஊரில் இருந்தார்கள். அதற்கிடையில் தாய் வீட்டிலேயே வாசிக்கவும் கணக்குச் செய்யவும் பழக்கிவிட்டாள். அது நன்றாகப் போகவே அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது.

குடிவந்த அன்று இதைத் தாய் சொன்னபோது என் முகம் எப்படி மாறியதென்று எனக்குத் தெரியும். வரவு குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்காகவே வருடக்கணக்காகப் பழகிய முகம் அது. பள்ளிக்குப் போகாத பிள்ளை என்றால் எப்படி இருக்குமென்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிக்கும். கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கும். கூட்டாளி என்று ஒருவரும் இருக்கமாட்டார்கள். பகிர்ந்து சாப்பிடத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் அம்மாவோ இன்னும் ஒரு படி மேலே போனாள்.

“இப்பிடி வளர்த்தா நாளைக்கு மாமியாரோட எப்பிடிச் சமாளிக்கிறது? வாயே திறக்கத் தெரியாமப் போயிடும்.”

“வாய் திறக்காத மருமகள் எண்டா மாமியாருக்கு நல்லம்தானே?” என்றேன்.

“அதுவும் சரிதான். ஆனா சண்டை பிடிக்கவும் பழகோணும் மிஸ். அதுக்குத்தானே பள்ளிக்கூடம்.”

அந்த வாரமே அந்தப் பிள்ளை என் முன்கதவைத் தட்டியது.

“அன்ரி, உங்கட தண்ணி மீற்றருக்குக் கீழ ஒழுகுது. மீற்றர் வாசிக்கிற அண்ணாட்டச் சொன்னனான். நாளைக்கு வாறாராம். நீங்க வீட்டில நிப்பீங்களோ?”

பதினொரு வருடமாக என் வீட்டு மீற்றரை வாசிக்கும் அந்த மனிதரோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அன்றைக்கும் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அனுபவமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் தன் முடிவை ஒரு சம்பவத்துக்காக மாற்றுவதில்லை. அதை விதிவிலக்கு என்று குறித்துவைத்தேன்.

இன்னொன்றையும் குறித்துவைத்திருந்தேன். பிற்பகல் பள்ளிகள் விடும் நேரம் அவள் வாசல் படலையில் நிற்பாள். வெள்ளைச் சீருடைகள் சைக்கிளிலும் வானிலும் ஒழுங்கையைக் கடக்கும். அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார், ஏங்குகிறது என்று யன்னலுக்குள் இருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

வில்லங்கம் அடையாள அட்டையில் தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றுவதற்கு அவளுக்கு அடையாள அட்டை வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதிபர் கையெழுத்து வைப்பார். இவளுக்குக் கிராம உத்தியோகத்தர், ஊர் வழக்கில் விதானையார், வைக்க வேண்டும். தாய் படிவத்தோடு போனாள். அவர் நல்ல மனிதர். படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து விலகிய பத்திரத்தைக் கேட்டிருக்கிறார்.

“அவ ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகேல்லையே விதானையார்.”

“ஓம் தங்கச்சி, விளங்குது. அப்ப எந்தப் பள்ளிக்கூடத்தால விலகினவ?”

இந்த இடத்தில் நான் சிரிக்கக் கூடாது. அந்தக் கேள்வி பிழையில்லை. பத்திரக் கட்டில் ஒரு தாள் குறைந்தால் அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் அதையேதான் கேட்பார். கடைசியில் அவரே வழியும் சொன்னார்: எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று கல்விக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும். பரீட்சை விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி ஓகஸ்ட் கடைசி. அப்போது மே மாதம். மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு வரிக் கடிதத்துக்கு அது தாராளம் என்று நானே தாய்க்குச் சொன்னேன்.

தாய் கந்தோருக்கு எழுதினாள். என்னிடம் காட்டாமலே எழுதினாள். என் முகத்தை நினைத்திருப்பாள். ஜூன் நடுவில் பதிலுக்குப் பதிலாக ஓர் அறிவித்தல் வந்தது. பிள்ளை தொடர்பாக விசாரணை நடைபெறவிருப்பதால், அது முடியும்வரை எந்த உறுதிப்படுத்தலும் வழங்க இயலாது. தாய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் குசினி வாசலில் நின்றாள்.

“அக்கா, நான் பிள்ளையப் பூட்டி வைச்சிருக்கிறனாம்.”

“ஆர் சொன்னது?”

“இதில கிடக்கு. ‘வீட்டில் தடுத்து வைக்கப்பட்டுள்ள பிள்ளை’ எண்டு. என்னட்ட இருந்து எடுத்துப்போடுவினமோ அக்கா?”

அவளைக் கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி கொடுத்தேன். பிள்ளையை எடுத்துப்போவதெல்லாம் அவ்வளவு இலகுவில்லை, அதற்குரிய நடைமுறை மிக நீளமானது என்று விளக்கினேன். அது ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன். அவள் இன்னும் கூடுதலாக அழுதாள்.

அடுத்தநாள் என் பழைய கந்தோருக்குப் போனேன். பிள்ளைக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். ‘தடுத்து’ என்ற சொல் எந்த ஆவணத்திலிருந்து வந்ததென்று தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை. அதற்காகத்தான் போனேன். பதிவேட்டுக்குப் பொறுப்பான லிகிதர் நான் வேலை பழக்கியவர். எழும்பி நின்று கதிரை தந்தார். பதிவேட்டைத் திருப்பி, ‘பாடசாலை செல்லாமைக்கான காரணம்’ என்ற கூட்டில் விரலை வைத்தார். அங்கே இரண்டே சொற்கள்.

வீட்டில் வைத்து.

தாயின் கடிதத்தையும் எடுத்துத் தந்தார். அதில் அழகான கையெழுத்தில், ‘மகளை நாங்கள் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம்’ என்று இருந்தது.

“மற்றச் சொல் எங்க?” என்றேன்.

“ரெண்டு சொல்லுக்கு மேல எழுத வேண்டாமெண்டு இருக்கே மிஸ்.”

“ஆர் சொன்னது?”

அவர் தரையைப் பார்த்தார். “நீங்கதான் மிஸ்.”

உண்மை. ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பு நானே எழுதிச் சுற்றுக்கு விட்ட உள்ளக அறிவுறுத்தல் அது. காரணக் கூட்டில் ஆட்கள் கதை கதையாக எழுதிவந்தார்கள். தகப்பன் குடிக்கிறார், தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்டாள், வீட்டில் யானை விழுத்திய சுவர் என்றெல்லாம். இரண்டு சொற்களுக்கு மேற்படலாகாது என்று எழுதினேன். குடும்ப வறுமை. நீண்டநாள் நோய். எல்லாம் எவ்வளவு சுத்தமாக வந்தது! அந்த வருடம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கிடைத்தது.

“சரி, ரெண்டு சொல். ஆனா ‘வைத்துப்’ எண்டெல்லோ இருக்கோணும்? அந்தப் ‘ப்’ எங்க?”

லிகிதருக்கு இப்போது கொஞ்சம் உசார் வந்தது. “அடுத்த சொல் இல்லையே மிஸ். பிறகு ‘ப்’ என்னத்துக்கு? ஒற்று மிகுறது வாற சொல்லுக்காக எண்டு நீங்கதானே திருத்தித் தந்தனீங்க. நான் அதை வெட்டிப்போட்டன்.”

இலக்கணப்படி அவர் சரி. அதுதான் பெரிய கவலை. அந்தத் தனிப் ‘ப்’ கூட்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்றிருந்தால், அதைப் பார்த்த எவரும் பகரத்தில் தொடங்கும் ஒரு சொல் பின்னால் நிற்கிறதென்று கண்டிருப்பார். ஒற்றும் போனபிறகு ‘வீட்டில் வைத்து’ என்பது கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி. அடுத்த மேசையில் பட்டியலைப் பிரதிபண்ணியவர் உள்ளே புகுந்து அதை ‘வீட்டில் வைத்திருக்கிறார்கள்’ என்று முடித்துவிட்டார். அதற்கடுத்த மேசையில், சிறுவர் பாதுகாப்புக்கு அனுப்பும் தாளில், தெளிவுக்காக ‘தடுத்து’ சேர்ந்தது. மூன்று மேசையிலும் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பள்ளிக்குப் போகாத பதினைந்து வயதுப் பெண்பிள்ளை, வீடு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் நடுவில் ஒரு பூட்டு இருக்க வேண்டுமென்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. என் யன்னலுக்குள் இருந்து எனக்குத் தோன்றியதுபோலத்தான்.

விசாரணைக்கு வந்தவள் இளம் பெண் உத்தியோகத்தர். அவளுக்கு இந்தப் பக்கம் புதுசு. முச்சக்கர வண்டியில் ஒரு கோப்போடு வந்து இறங்கினாள். இன்ன நாள் என்று முன்னறிவித்தல் இல்லை; தடுத்து வைக்கப்பட்ட பிள்ளையைப் பார்க்க வரும்போது அறிவித்துவிட்டு வருவதில்லை. அது சரியான நடைமுறை.

தாய் கதவைத் திறந்து, “அவ வீட்டில இல்லையே” என்றாள்.

உத்தியோகத்தரின் முகம் இறுகியது. “எங்க வைச்சிருக்கிறீங்க?”

“வைச்சிருக்கேல்ல. மீன் வாங்கப் போனவ.”

“தனியவா?”

“ஓம். நான் போனா நல்ல மீன் தரமாட்டாங்கள்.”

உத்தியோகத்தர் இதை நம்பவில்லை. தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றாள். விசாரணைக்குச் சாட்சி ஒருவர் கூட இருப்பது நல்லது என்று சொல்லி நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கடற்கரை ஓரத்து மீன் கடையில் வாளியோடு நின்ற சாம்பல்தீவு ஆள் நாங்கள் பிள்ளையை விசாரித்ததும் சிரித்தார். “அந்தப் பிள்ளையோ? சூரை வெட்டச் சொன்னவ. வெட்டுறதுக்கிடையில மோதினாரின்ட கண்ணாடியக் குடுத்திட்டு வாறன் எண்டு ஓடிட்டா. இந்தா, மீன் கிடக்கு. நீங்க அவட ஆக்களோ? கொண்டு போறீங்களா?”

உத்தியோகத்தர் மீனை வாங்க மறுத்துவிட்டாள்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மோதினார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாங்கு சொல்லும் பெரியவர்; அவரை நான் தூரத்திலிருந்து மட்டும் அறிவேன். “கண்ணாடிக் கால் உடைஞ்சி கிடந்திச்சி. புள்ளதான் கடைக்குக் கொண்டு போய் ஒட்டித் தந்திச்சி. இப்பதான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகுது. கிண்ணியாவால அதுட கூட்டாளி வாறாவாம்.”

“இந்தப் பிள்ளைய உங்களுக்கு எப்பிடிப் பழக்கம்?” என்று உத்தியோகத்தர் கோப்பைத் திறந்தாள்.

“எப்பிடியெண்டா? ஸலாம் சொல்லும், நானும் சொல்லுவன். பொறகு கதைப்பம். வேற எப்பிடிப் பழகுற?”

பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தே கையை ஆட்டினார். “அவவத் தேடுறீங்களோ? கிண்ணியா பஸ் பிந்தினதுக்கு எனக்கு நல்ல பேச்சு. மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போறாவாம். மிஸ், எழுத வேண்டாமெண்டு சொல்லுங்கோ, சரியா எழுதிப்போடுவா.”

உத்தியோகத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். முதல் இடத்தில் அவள் பக்கம் முழுக்க எழுதினாள். இரண்டாம் இடத்தில் பாதி. இங்கே பேனாவை மூடிவிட்டாள்.

“இந்த ஊரில இவவத் தெரியாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ அம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

“இருக்கினம். எங்கட பதிவேடு” என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது பிள்ளை படலையில் நின்றாள். ஒரு கையில் மீன் பை. பக்கத்தில் கறுப்பு முந்தானை போட்ட கிண்ணியாப் பிள்ளை ஒன்று.

“அன்ரி, என்னத் தேடினதாம். நாலு பேர் சொல்லிட்டினம்! ஃபைலோட ஒரு மிஸ் எண்டு.” பிறகு உத்தியோகத்தரைப் பார்த்து, “நீங்களோ? உள்ள வாங்கோ, வெயில். தண்ணி குடிக்கிறீங்களா?”

விசாரணை என் முன்னறையில் நடந்தது. படிவத்தில் ‘சமூகத் தொடர்பு’ என்றொரு பகுதி இருந்தது. உத்தியோகத்தர் அதை ஒழுங்காகவே கேட்டாள்.

“உங்கட வயசில எத்தனை கூட்டாளிமார்?”

பிள்ளை யோசித்தாள். “மூண்டு பேர். அதில ஒருத்தியோட இப்ப கதைக்கிறேல்ல.”

“ஏன்?”

“சண்டை.”

தையல்கார அம்மா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

“சரி. உங்கள ஆரும் வெளிய போக விடாம வைச்சிருக்கினமா?”

“ஓம். மழை பெய்தா அம்மா விடமாட்டா.”

பேனா தாளை நோக்கிப் போனது. “தங்கச்சி, அதை எழுதிப்போடாதேங்கோ,” என்று நான் குறுக்கிட்டேன். “இந்தக் கந்தோர்களில ஒரு சொல் என்ன பாடுபடுமெண்டு எனக்குத் தெரியும்.”

உத்தியோகத்தர் முதல் தரம் சிரித்தாள். பிறகு அவளே படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று கவலை இல்லையா?

கிண்ணியாப் பிள்ளை தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தது. அவள் மீன் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

“சில நாள் இருக்கு. விளையாட்டுப் போட்டி நேரம் சத்தம் கேக்கும். அப்ப இருக்கும். பள்ளி விடுற நேரம் படலையில நிண்டு பார்ப்பன். சில நாள் பொறாமை. சில நாள் இவ வாற பஸ்ஸுக்காக நிக்கிறது. ரெண்டும் ஒண்டுதான் மாதிரித் தெரியும், தூரத்தில இருந்து பார்த்தா.”

என் யன்னலை அவள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

விசாரணை அறிக்கை நல்லபடியாகப் போனது. ஆனால் அறிக்கை ஒரு கந்தோருக்குப் போனால், பதிவேட்டைத் திருத்துவது இன்னொரு கந்தோர். அதற்கு யாராவது எழுத்தில் கேட்க வேண்டும். நான் எழுதினேன். ஒழுங்குவிதியின் பிற்பாதியை, அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை, வாழ்க்கையில் முதல் தரம் எழுதினேன். பதிவு எப்படிச் சுருங்கியது, ஒற்று எப்படி விழுந்தது, மூன்று மேசையில் என்ன முளைத்தது என்று வரிசையாக வைத்தேன். சுருக்கச் சொன்ன அறிவுறுத்தல் என்னுடையதென்றும் எழுதினேன். அந்தப் பந்தியை மூன்று தரம் வெட்டி, மூன்று தரம் திரும்ப எழுதினேன். கடிதம் நாலு பக்கம் வந்தது. சேவையில் இருந்த காலத்தில் இப்படியொன்று என் மேசைக்கு வந்திருந்தால் ஓய்வுபெற்றவர்களுக்கு வேறு வேலையில்லை என்று சொல்லியிருப்பேன்.

பிறகு காத்திருந்தோம். ஜூலை போனது. நான் நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். தாய் தபால்காரர் வரும் நேரம் பார்த்துத் துணி காயப்போடத் தொடங்கினாள். பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள்; பரீட்சை எழுத விடுவார்களா என்பது தெரியாமலே பழைய வினாத்தாள்களைச் செய்து முடித்தாள். ஓகஸ்ட் தொடங்கியபோது கிராம உத்தியோகத்தரே ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

“கடிதம் வந்ததோ மிஸ்? வந்தா அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன். ஒருநாள் சேவையில அட்டை எடுக்கலாம். மாசக் கடைசிக்கிடையில வந்தாக் காணும்.”

கடைசியில் அது வந்தபோது தாய் துணி காயப்போடவில்லை, நான் குளித்துக்கொண்டிருந்தேன். தபால்காரரிடம் கையெழுத்து வைத்து வாங்கியது பிள்ளை. அவருடைய மகளுக்குச் சின்னம்மை எப்படி என்று விசாரித்துக்கொண்டு உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாளாம். என் பெயருக்கு வந்த கடிதத்தை நான்தான் உடைக்க வேண்டும் என்று. நடைமுறை தெரிந்த பிள்ளை.

ஈரத் தலையோடு உடைத்தேன். ஒரே பந்தி. மேற்படி பிள்ளை எந்தப் பாடசாலையிலும் அனுமதி பெற்றிருக்கவில்லை என்பதும், பெற்றோரால் வீட்டில் வைத்துப் படிப்பிக்கப்பட்டு வருகிறார் என்பதும் இத்தால் உறுதிப்படுத்தப்படுகின்றன. என் நாலு பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தைத் தயாரித்த லிகிதரின் சுருக்கொப்பம் கீழே ஓரத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த கைதான்.

தாய் ஓடிவந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். பிறகு முற்றத்துப் படியில் இருந்துவிட்டாள்.

பிள்ளை கடிதத்தை வாங்கி அந்த ஒரு சொல்லைத் தேடினாள். “‘ப்’ இருக்கு, அன்ரி!” என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தாள்.

“எங்க ஓடுறாய்? விதானையாரிட்டையோ?”

“அங்கயும்தான். முதல்ல நாலு பேருக்குச் சொல்லோணும்!”

அவள் சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன், இந்த முறை படலையிலேயே. பிறகு உள்ளே வந்து, பழக்கம் விடாமல், உறையின் வலது மூலையில் பேனாவால் எழுதினேன்: கிடைத்தது, ஓகஸ்ட் 21.